குளத்துத் தெரு ராஜநீதி

மனோரமாவுக்கு நடந்தது சுத்த அநியாயம்ங்க ஐயா. நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு, பந்தலுக்கு மூங்கில் கூட சொல்லியாச்சு, அந்த நேரம் பாத்து அடுத்த வீட்டு வேதாசலம் ஒரு தரகர அனுப்பி, மாப்பிள்ளைய தன் பொண்ணுக்குத் திருப்பிக்கினாரு. ஆங், நீங்க விசாரிச்சீங்களே, அதே வேதாசலம்தான். எதுக்குனு நெனைக்கிறீங்க? பையன் நல்லவன்னா? பையன் மொகத்த கூட அவரு பாத்ததில்ல. எல்லாம் வெளிநாட்டுக் கொள்கை.

சிரிக்காதீங்க. ஏறுங்க, நானும் அதே தெருவுக்குத்தான் போறேன், ரெண்டு ஜட்கா எதுக்கு? முனியண்ணா, ஐயா முன்னால குந்தட்டும், இல்லன்னா வண்டி பின்னால சாயும். இந்த மூட்டைய கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க, ஒரு வீட்ல குடுக்க வேண்டியது. நான் எனக்குப் புஸ்தகப் பார்சல் வந்துச்சானு பாக்க ஸ்டேஷனுக்கு வந்தேன். வரல. நீங்க சின்ன வேலையா வந்தேன்னீங்க, சரி, நான் இன்னா வேலைனு கேக்கமாட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், வேதாசலம். சும்மா ஆளில்லீங்க, ஒரு சமஸ்தானத்துல வெளிவிவகார இலாகா பாத்தவரு. எந்த சமஸ்தானமா? மேப்புல ஒரு ஈ வந்து குந்தினா மறைஞ்சிடும், அத்தனூண்டு. இலாகானா இவரு, ஒரு பியூன், குடை மாட்டறதுக்கு ஒரு ஸ்டாண்டு. பக்கத்து ராஜாவுக்கு தசராவுக்கு வாழ்த்துத் தந்தி அடிக்கறது, அவரு திருப்பி அடிக்கலன்னா அதுக்கு இன்னா அர்த்தம்னு அடுத்த தசரா வரைக்கும் யோசிக்கறது. அதான் வேல. போன வருசம் சமஸ்தானத்த தேசத்தோட சேத்துட்டாங்களா, ராஜா ஊட்டிக்குப் போயிட்டாரு, பியூன் வெத்தலக் கடை வெச்சிட்டான், இவரு ஒரு கறுப்புக் கோட்டோட திருத்தணிக்கு வந்து சேந்தாரு. ராஜ்யம் போச்சு, ராஜநீதி மட்டும் கைல மீந்து போச்சு. அத எங்கியாவது கொண்டு போய்ப் போட்டாவணுமில்ல? தெருமேல போட்டாரு.

பழைய ராஜநீதி இன்னா சொல்லுது? உன் எல்லைக்கு அடுத்தவன் உனக்கு எதிரி. அவனுக்கு அடுத்தவன் அவனுக்கு எதிரி, அதனால உனக்கு சிநேகிதன். அதுக்கும் அடுத்தவன் சிநேகிதனோட எதிரி, அதனால உனக்கும் எதிரி. இப்படியே ஒண்ணு விட்டு ஒண்ணு. குதிரப்படை வெச்சிருக்கற ராஜாவுக்கு எழுதினது. இவரு தன் வாசப்படில நின்னு வீட்ட எண்ண ஆரம்பிச்சாரு. அடுத்த வீடு பரந்தாமன், மனோரமாவோட அப்பா. பொதட்டூர்பேட்டைலருந்து லுங்கி வாங்கி விக்கறவரு, தலைல வந்து குந்தின காக்காவ கூட அதட்டாத மனுசன். அவரு எதிரி! அதுக்கடுத்த வீடு சிநேகிதன். அவங்களுக்கு இவரு யாருனே தெரியாது, திடீர்னு தினம் வணக்கம் சொல்றாரேனு பயந்து போய்ட்டாங்க.

இதுல ஒரு சங்கடங்க. எங்க தெரு நேரா போற தெருவில்ல, குளத்த சுத்தி வளையல் மாதிரி. மொத்தம் ஏழு வீடு. ஒண்ணு விட்டு ஒண்ணு எண்ணிக்கினே வந்தா ஏழாவது வீட்டு வேடியப்பன் சிநேகிதன். ஆனா தெரு சுத்தி வந்துடுச்சே, அவருதான் இந்தாண்ட பக்கத்து வீடு! பக்கத்து வீடுனா எதிரி. வேற யாரா இருந்தாலும் கொள்கைல ஓட்டை இருக்குதுனு ஒத்துக்குவாங்க. இவரு ரெண்டு வேள சாப்புடாம யோசிச்சிட்டு தீர்ப்பு சொன்னாரு. காலைல சிநேகிதன், சாயந்தரம் எதிரி. வேடியப்பனுக்கு ஒரே கொண்டாட்டம். காலைல வந்து காப்பி குடிச்சிட்டு ஏணிய இரவல் வாங்கிக்கினு போவாரு. சாயந்தரம் ஏணி எங்கனு கேட்டா, எதிரிகிட்ட உனக்கு இன்னா பேச்சும்பாரு.

நல்ல வேளை, நீங்க காலை வண்டில வந்தீங்க. சாயந்தரம் வந்தா வேதாசலம் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் எதிரி நாடு. விருந்தாளி குளத்துப் படில எறங்கி, முட்டியளவு தண்ணில நடந்துதான் கரையேறணும். போன மாசம் அவரு மாமனாரே அப்படித்தான் வேட்டிய தூக்கிக்கினு வந்தாரு. அதோ மலை தெரியுது பாருங்க. சண்டையெல்லாம் முடிச்சிட்டு சாமியே கோவம் தணிஞ்சு வந்து குந்தின எடம். அதுக்கு அடிவாரத்துல குந்திக்கினு இவரு ஆரம்பிக்கறாரு!

முனியண்ணா, வேடியப்பன் வீட்டு வழி வேணாம், இந்தாண்ட திருப்பு. ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன்.

முருங்கக்காய் கதைய கேளுங்க. இவரு மரத்துல ஒரு கிளை பரந்தாமன் வீட்டுப் பக்கம் சாஞ்சிடுச்சு. அதுல காய்க்கறது யாருது? இவரு பறிச்சா எல்லை மீறல், அவங்க பறிச்சா ஆக்கிரமிப்பு. காய் முத்தி, வெடிச்சு, வெதை காத்துல பறக்குது, ரெண்டு வீட்லயும் கத்திரிக்கா சாம்பார்.

பொண்ணா? ஆங், ஒரே பொண்ணு, அம்சானு பேரு. மெட்ராஸ்ல ஆனர்ஸ் படிக்குது, அரசியல் தத்துவம், இப்ப லீவுக்கு வந்திருக்குது. எப்படிப்பட்ட பொண்ணுனா... ரசம் வெக்கும். ஆனா வெச்சுக்கினே வாதம் பண்ணும், ரசம் பொங்கி அடுப்ப அணைச்சிடும். வாய் நீளம்னு ஊரே பேசிக்குது, நான் சொல்லல. இந்தக் கல்யாணத்துல அதுக்கு சம்மதமாவா? சொல்றேன் சொல்றேன், அவசரப்படாதீங்க.

அந்தப் பொண்ணு கேட்டுச்சுங்க. பக்கத்துல இருக்கறது பூகோளம், பகைங்கறது நீங்க பண்றது, பூகோளம் எப்ப யாரோட சண்ட போட்டுச்சுனு கேட்டுச்சு. நம்ம தேசமே ரெண்டு கோஷ்டிலயும் சேரமாட்டேன்னு உலகத்துக்கே சொல்லிக்கினு இருக்குது, இந்தத் தெருவுல ஒரு வீடு அப்படி இருக்கக் கூடாதானு கேட்டுச்சு. அதுக்கு அவரு, தேசத்துக்கு மூணு பக்கம் கடல் இருக்குது, நமக்கு வேடியப்பன் இல்ல இருக்கறாருன்னாரு. இப்படிப்பட்ட ஆளுகிட்ட எந்த யூனிவர்சிடி வந்து ஜெயிக்கும்?

அப்பதான் பரந்தாமன் வீட்ல சம்பந்தம் முடிவாச்சு. புத்தூர்ல நூல் கடை, சொந்தமா லாரி வெச்சிருக்கறவங்க. இவருக்குத் தூக்கம் போச்சு. எதிரிக்கு அவ்ளோ பெரிய துணை வந்துட்டா தராசு சாஞ்சிடுமாம், பலம் சமமா இருக்கணுமாம். துணைய பிரி, முடிஞ்சா நீயே வாங்கிக்கோ. தரகர கூப்புட்டாரு, வேல முடிஞ்சது.

இதுல அந்த மாப்பிள்ளையோட அப்பாவ சொல்லணுங்க முதல்ல. நாள் குறிச்ச எடத்த விட்டுட்டு, படிச்ச பொண்ணுனு தரகர் சொன்ன ஒடனே தாவறாரே, அவரெல்லாம் பெரிய மனுசனா? கடைல நூல் அளக்கும்போது இப்படித்தான் அளப்பாரா? ஏன் இருமறீங்க? தண்ணி வேணுமா? உங்கள சொல்லலீங்க.

மனோரமா ஒரு வார்த்த பேசல. அதான் எனக்குப் பொறுக்கல. புத்தூர் வீட்ல தெலுங்குதானாம். இவளுக்குப் பேச வரும், எழுத வராது. மாமியாருக்கு அவங்க எழுத்துலயே கடுதாசி போடணும்னு ஒரு சிலேட்டு வாங்கிக்கினு, மதில் பக்கத்துல அந்த முருங்கக் கிளை நெழல்ல நின்னு, அம்சாகிட்டதான் எழுத்து கத்துக்கினா. எதிரி நாட்டுப் பொண்ணுகிட்ட! அத்தம்மா சௌக்கியமாங்கற வரைக்கும் வந்துட்டா. இப்ப அந்த சிலேட்டு தயிர்ச் சட்டிக்கு மூடி.

இன்னிக்கி காலைல அந்தப் பொண்ணு கடைசியா ஒண்ணு கேட்டுச்சு. சரி, என்னைய அந்த வீட்ல குடுக்கறீங்க, அங்க நான் யாரு, மருமகளா, உடன்படிக்கையா? அவரு கோட்டுல தூசி தட்டிக்கினு இருந்தாரு, தட்டறத நிறுத்திட்டாரு. அப்பால, தூதர்னாரு. தூதர எந்த ராஜாவும் தொடக்கூடாது, மடக்கக்கூடாது, சொல்ல வந்தத முழுசா கேக்கணும், உனக்கு அந்த மரியாதை கெடைக்கும்மானு சொன்னாரு. சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. இத்தன வருசம் இலாகால இருந்தும் அவர ஒருத்தரும் ஒரு எடத்துக்கும் தூது அனுப்பினதில்லீங்க. தனக்குக் கெடைக்காதத எனக்குக் குடுக்கறதா நெனைச்சாரு, எங்க நைனா.

அப்ப சரி நைனானு சொல்லிட்டு, புடவை மாத்திக்கினு நேரா ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். பார்சல் கீர்சல் ஒண்ணும் இல்லீங்க. மாப்பிள்ளையோட அப்பா ஒத்தக் காதுல கடுக்கன் போட்டவர்னு தரகர் அடையாளம் சொல்லியிருந்தாரு. நைனா வந்து கூப்புட்டிருக்கலாம், ஆனா ராஜா எல்லையத் தாண்டி வந்து வரவேத்தா மதிப்புக் கொறையுமாம்.

முனியண்ணா, நிறுத்து. எறங்குங்க ஐயா. இல்ல, எங்க வீடு அடுத்தது. இது பரந்தாமன் வீடு. வெறுங்கையோட போவாதீங்க, உங்க மடியில இருக்கறது அந்தக் கிளைல காய்ச்ச முருங்கக்காய்தான், விடிஞ்சதும் நானே பறிச்சேன். எல்லை மீறலா ஆக்கிரமிப்பானு அப்பால பாத்துக்கலாம். மனோரமாவோட அம்மா கைல குடுங்க. தயிர்ச் சட்டி கண்ணுல பட்டா மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க.

நைனாவா? ஆங், அதோ கோட்டோட வாசல்ல நிக்கறாரு, பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு, பயப்படாதீங்க. தூதர மடக்கக்கூடாது.

மறந்தே போய்ட்டேன் பாருங்க. பொண்ணுக்கு சம்மதமானு கேட்டீங்களே. இல்லீங்க.