பாவாயி வீட்டு விதை வெங்காயம்

கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட செம்மண் காடுகளில் முப்பது ஆண்டுகள் மிதிவண்டி மிதித்த மேன்மையாளரே! பாத்தியில் நின்று பயிரின் பசியறிந்த பண்பாளரே! கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் உழவு நுட்பம் உரைத்து ஓயாத உத்தமரே! எருமப்பட்டி விளக்கப் பண்ணையின் விவசாய மேஸ்திரி மயில்சாமி ஐயா அவர்களே! விடைபெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த வாழ்த்துமடலின் வரிசையில் முதலாவதாக வரவேண்டிய விளி ஒன்று விடுபட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ‘விளைச்சல் பெருக்கிய வேந்தே’ என்று எழுதி, அதைப் பொன்னெழுத்தில் தீட்ட நாமக்கல் ஓவியரிடமும் சொல்லிவைத்திருந்தோம். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டீர்கள். குமாஸ்தா காளியண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, “இது எனக்கு ஆகாதுங்க, பாவாயம்மா கேட்டாச் சிரிப்பாங்க” என்று சொல்லிப் போனீர்கள். மேலும், தங்களை முகத்துக்கு நேரே புகழ ஆரம்பித்தால், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறதென்று பார்த்துவருவதாக எழுந்து போகிற பழக்கமும் தங்களுக்கு உண்டு. ஆகவே சிறிது நேரம் தங்களை விட்டுவிட்டுச் சபையோரிடம் பேசுகிறோம், பொறுத்தருள்க.

சபையோரே! சீமை உப்பு என்று நம் மக்கள் பெயர் வைத்த அம்மோனியா எரு முதன்முதலாக மூட்டையில் வந்து இறங்கிய வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். குப்பையும் சாம்பலும் ஆட்டுப்பட்டி எருவும் தவிர வேறு எதையும் கண்டிராத காடுகள் இவை. யாரும் அந்த வெள்ளை உப்பைக் கையால் தொடவில்லை. ஐயாவின் பேச்சுக்காகத் தொட்டவர்கள் சென்னிமலைக் கவுண்டரும் அவர் மனைவி பாவாயம்மாளும்தான்.

“ஏனுங்க மேஸ்திரி, இதைப் போட்டாக் காயி பெருக்குமுங்களா?” என்று கேட்டார் கவுண்டர்.

“பெருக்குமுங்க. நானே வந்து போட்டுத் தாரேன்” என்றார் ஐயா.

சொன்னபடியே வந்தார். வெங்காயக் காட்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல ஆட்டுப்பட்டி, மறு பாதிக்குச் சீமை உப்பு. பயிர் கருகருவென்று எழும்பியதும் ஐயாவுக்கும் ஆசை தலைக்கேறிவிட்டது. கடைசிக் களையெடுப்புக்குப் பிறகும் ஒருமுறை உப்புத் தூவச் சொன்னார். பிடுங்குகிற வாரம் வரைக்கும் மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தண்ணீர் கட்டச் சொன்னார். மாசியில் பிடுங்கியபோது, அடேயப்பா, ஒவ்வொரு காயும் எலுமிச்சை அளவுக்கு இருந்தது. எடையில் மறு பாதியைப் போல ஒன்றரைப் பங்கு. எருமப்பட்டியே திரண்டு வந்து வாய் பிளந்தது. ஐயா அன்று சிரித்த சிரிப்பைப் பண்ணையில் அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் பார்க்கவில்லை.

பாவாயம்மாள் வீட்டு விதை, அவர் மாமியார் காலத்திலிருந்து வருவது. சிறிய காய், கருஞ்சிவப்பு நிறம், உரிக்கும்போது அடுத்த வீட்டார் கண்ணிலும் நீர் வரும். காற்றோட வேய்ந்த சேமிப்புப் பட்டறையில் போட்டால் ஆடி மாதம் வரைக்கும் கல் மாதிரி கிடக்கும். களத்தில் குவிந்ததில் கண்ணுக்கு எடுப்பான காயாகப் பார்த்து வீட்டுப் பெண்பிள்ளை பொறுக்கி விதைக்கு வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பாவாயம்மாளும் அப்படியே பொறுக்கினார். அந்த வருஷம் கண்ணுக்கு எடுப்பான காயெல்லாம் சீமை உப்புப் பாதியில்தானே இருந்தது? ஐயா பக்கத்தில் நின்று, “நல்லாப் பொறுக்கறீங்க” என்று பாராட்டினார். மறு பாதிக் காய் மொத்தமும் வியாபாரிக்குப் போயிற்று.

வைகாசியில் கோடை மழை இறங்கியது. ஐயா அப்போது அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு விவசாயக் கண்காட்சியில், தம் எலுமிச்சை அளவு வெங்காயத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களின் வியப்பில் மிதந்துகொண்டிருந்தார். பாவாயம்மாள் வீட்டுப் பட்டறை நாறுகிறது என்று ஆள் வந்து சொன்னது அங்கேதான். உடனிருந்த மேலாளர் ஒருவர், “மழையால் வந்த சேதம் என்று எழுதிவிடும்” என்று நல்ல வழி காட்டினார். ஐயா தட்டை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

வழியெல்லாம் என்ன சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்து, ஒன்றும் பிடிபடாமலேதான் அந்த வீட்டு வாசலில் மிதிவண்டியைச் சாய்த்தாராம். பாவாயம்மாள் பட்டறையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை இருவரும் அழுகலுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். தொட்ட காயெல்லாம் கழுத்தில் நசுங்கியது.

“மழையாலன்னு சொல்லிக்கறாங்களேங்க?” என்றார் கவுண்டர்.

“மழை எல்லா வருசமுந்தானுங்க பேயுது. கடைசி வரைக்கும் உப்பும் தண்ணியும் குடுக்கச் சொன்னவன் நான். தாளு சாயவே இல்லை, கழுத்துக் காயவே இல்லை, அப்புறம் காயி எப்பிடி நிக்கும்? அதைப் பாத்துக்கிட்டே வெதைக்கு எடுக்கச் சொன்னவனும் நாந்தானுங்க.”

பாவாயம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, ஐயாவுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த நடவுக்கு முன்னால் ஐயா ஊர் ஊராகப் போனார். எந்த வாயால் சீமை உப்பைப் புகழ்ந்தாரோ அதே வாயால், எங்கே பிசகினார் என்பதைச் சொன்னார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. மேஸ்திரியாகச் சேர்ந்த மனிதர் இன்று மேஸ்திரியாகவே விடைபெறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிறகு வருஷா வருஷம் நம் பண்ணையில் பார்த்துப் பார்த்து ஒரு முறைக்கு வந்தார்: நிலத்துக்கு ஆட்டுப்பட்டி, உப்பு அளவாக, அதுவும் பயிரின் இளமையில், தாள் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இன்று இந்த வட்டாரத்தில் விளைச்சலும் உண்டு, பட்டறையில் காயும் நிற்கிறது. அதற்காக வாழ்த்துகிறீர்கள். ஐயாவுக்கு அது இனிக்கவில்லை.

ஏனென்றால் அந்த விதை திரும்பவில்லை. கவுண்டர் வீட்டுக்குச் சேந்தமங்கலத்திலிருந்து நல்ல விதை கொண்டுவந்து கொடுத்தார். “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நம்முளுது இல்லீங்க” என்றார் பாவாயம்மாள். அவர் வீட்டு விதையை எந்தக் காலத்திலாவது யாராவது வாங்கிப்போயிருப்பார்களா என்று ஐயா உறவுக்காரர் வீடெல்லாம் விசாரித்தார். எங்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் பண்ணைப் பட்டறைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்து, விரலை மோந்து பார்த்துவிட்டுச் சும்மா நிற்பார்.

ஐயா அவர்களே! இனித் தங்களிடமே பேசுகிறோம். நாளை முதல் அந்தப் பட்டறையில் கைவிட்டுப் பார்க்கத் தாங்கள் இருக்கமாட்டீர்கள். தங்களுக்கு அந்த விதையை மீட்டுத் தர எங்களாலும் ஆகவில்லை. நோயின்றி, நோவின்றி, நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். வைகாசி மழை பெய்யும் இரவிலாவது நிம்மதியாக உறங்க வேண்டும்.

தாங்கள் அடித்துவிட்ட விளிக்குப் பதிலாக என்ன எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தாங்கள் அஞ்சிய ஆளிடமே போய்க் கேட்டோம். பாவாயம்மாள் சிரிக்கவில்லை.

“வெளைஞ்சப்போ ஊரே வந்துச்சுங்க. அழுகுனப்போ வந்தவரு அவரு ஒருத்தருதான். அதைப் போடுங்க” என்றார்.

போட்டுவிட்டோம். தங்கள் கையில் தரப்போகும் மடலில், பொன்னெழுத்தில், எல்லா விளிகளுக்கும் மேலே:

அழுகியபோது வந்தவரே!

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வாடும்
எருமப்பட்டி விளக்கப் பண்ணை ஊழியர்கள்
விக்கிரம ஆண்டு, பங்குனித் திங்கள்