அரிசிக்குள் ஒரு காப்பு

“குத்திட்டான்! படுங்கோ!”

குப்புற விழுகிறோம். 2009, சித்திரை. மாத்தளன் கடற்கரை. காலை பத்து மணி இருக்கும். கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். தூரத்தில் எறிகணை ஏவும் குத்துச் சத்தம், மூன்று. எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணுவதற்குள் முதல் எறிகணை விழுந்துவிட்டது.

புகை. மணல். காது அடைத்துவிட்டது. என் மனைவி மலர் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். வலது கை மணிக்கட்டோடு இல்லை. அந்தக் கையால்தான் மகள் துளசியைப் பிடித்திருந்தாள். துளசிக்கு ஐந்து வயது. அவள் அசையவில்லை.

அறுந்த கையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மலரோடு ஓடினேன். தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே ஒரு டொக்டர். மயக்க மருந்துகூட இல்லை. ஒட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் இரத்தத்தை மட்டும் நிறுத்தினார். அன்று பின்னேரம் மகளையும் அந்தக் கையையும் ஒரே குழியில் புதைத்தேன். துளசியின் வெள்ளிக் காப்பை மட்டும் கழற்றிக்கொண்டேன்.

மலரும் நானும் தப்பி வந்து சேர்ந்த சுவிஸ். 2016. துன் நகரில் ஒரு மரவேலைத் தலம். மரம் அரியும் மெசினில் என் வலது கை போகிறது. பெரிய சத்தம் இல்லை. பலகை அரிபடும் அதே சத்தம்தான். நான் அலறவில்லை. இடது கையால் மரத்தூளைக் கிளறிக் குழி தோண்டினேன். அறுந்த கை என்றால் புதைப்பது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூட வேலை செய்தவன் என்னைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தான். பையில் போட்டான். பையை ஐஸில் வைத்தான். ஹெலிகொப்டர் வந்தது. அந்தச் சத்தத்துக்கும் குப்புறப் படுத்தேன்.

பேர்ன் ஆஸ்பத்திரியில் பதினொரு மணித்தியாலம் தைத்தார்கள். கண் விழித்தால் கை இருக்கிறது. சந்தோஷம் வரவில்லை. மலரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது கைக்குப் பயிற்சி. பயிற்சி தரும் பெண் ஒரு பெட்டியை முன்னால் வைத்தாள். நிறைய அரிசி. உள்ளே சாவி, நாணயம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிக்க வேண்டுமாம். உணர்வு திரும்ப அதுதான் வழியாம். ஓர் அகப்பைக் கஞ்சிக்குப் போய் மகளை இழந்தவன் நான். அரிசியில் விளையாடச் சொல்கிறாள். கையை இழுத்துக்கொண்டேன். மூன்று தடவையும் அப்படித்தான். விளக்கிச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை. நான் ஒத்துழைக்கவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது.

எங்கள் பூம்ப்ளிஸ் வீட்டில் மலர் அதைப் படித்தாள். ஒற்றைக் கையால் பேசினில் ஐந்து கிலோ அரிசியைக் கொட்டினாள்.

“எனக்கு ஒட்டித்தர ஆளில்லை. உங்களுக்கு ஒட்டித் தந்திருக்கினம். இதையும் புதைக்கப் போறியளோ?”

துளசியின் காப்பை உள்ளே போட்டு மூடினாள். “எடுங்கோ.”

அன்று தொடங்கியது. காலையும் மாலையும். இப்போது கோப்பை பிடிக்கிறேன். பொத்தான் பூட்ட முடியாது. சோற்றைக் குழைத்து எடுத்தால் வாய்க்கு வருமுன் கொட்டுகிறது. சூடு தெரியாமல் இரண்டு தடவை விரல் வெந்தது. எரிச்சலில் பேசினை உதைத்தும் இருக்கிறேன். மலர் கூட்டி அள்ளுவாள். மறுபடியும் காப்பைப் போடுவாள்.

இழந்தவை இவை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஐந்து பேர். மகள் ஒருத்தி. மலரின் வலது கை. என் கையில் மூன்று விரல்களின் உணர்வு. காப்பு தொலையவில்லை. இன்றும் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் எடுத்தேன்.