ஹாஜ்ராவுக்கு விழாத ஓட்டு

சூமர்: ...அதெல்லாம் கிடக்கட்டும்க்கா. தேர்தல்ல நிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்.

ஹாஜ்ரா: டீ ஆறுது. முதல்ல குடி.

சூமர்: டீ குடிக்க வரல நான்.

ஹாஜ்ரா: தெரியாதா எனக்கு? ஜமீன்தார் சாயினோட டிரைவர் வேலை நேரத்துல அக்கா வீட்டுக்கு வந்தா, பாசத்துலயா வருவான்?

சூமர்: எப்பப் பாத்தாலும் குத்தல்... இங்க பாரு. இஸ்லாமாபாத்துல தேசிய சபை மெம்பர், அஞ்சு வருஷம். இப்ப கராச்சியில மாகாண சபை. போற இடமெல்லாம் போலீஸ்காரன் சல்யூட் அடிக்கிறான். இந்த வயசுல வந்து நம்ம ஊர் யூனியன் கவுன்சில் தலைவர் பதவிக்கு நிக்கறேங்கற! மேல ஏறினவ எவளாவது தானா கீழ இறங்குவாளா?

ஹாஜ்ரா: ஏறினேனா? ஏத்திவிட்டாங்கடா.

சூமர்: ரெண்டும் ஒண்ணுதான்.

ஹாஜ்ரா: ஒண்ணா? நான் முதல்முதல்ல கவுன்சிலுக்குப் போனேனே... யாரு எனக்கு ஓட்டுப் போட்டா?

சூமர்: அது... போட்டியே இல்லையே.

ஹாஜ்ரா: பொம்பளைக்கும் இடம் கொடுக்கணும்னு சட்டம் வந்துச்சு. சாயின் வீட்டுப் பொம்பளைங்க வாசல் தாண்ட மாட்டாங்க. மீன்காரி ஹாஜ்ரா வாயில்லாதவ, காட்டின இடத்துல கைநாட்டு வெப்பான்னு என் பேரைக் கொடுத்தாரு.

சூமர்: வாயில்லாதவளா! சாயின் வாழ்க்கையிலயே ஏமாந்தது அந்த ஒரு இடத்துலதான்.

ஹாஜ்ரா: சிரிக்காத. முதல் கூட்டத்துல எங்க உக்கார வெச்சாங்க?

சூமர்: கதவோரம், தரையில. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக் கயித்துக்கட்டிலைக் கொண்டுபோய் நடுக்கூடத்துல போட்டு உக்காந்தியே... அதைத் தலையில சுமந்தது யாரு? நான்! சந்தையே சிரிச்சுது.

ஹாஜ்ரா: அதுக்கப்புறம் நாற்காலி வந்துச்சுல்ல?

சூமர்: வந்துச்சு. என் கழுத்து வலி மட்டும் இன்னும் போகல.

ஹாஜ்ரா: தேசிய சபைக்கு யாரு ஓட்டுப் போட்டு அனுப்பினா?

சூமர்: கட்சி... பெண்கள் பட்டியல்ல...

ஹாஜ்ரா: கட்சி பட்டியல்ல பேரைச் சேத்துச்சு. மீன் பிடிக்கிற மல்லாஹ் சாதியில ஒரு ஏழைப் பொம்பளை போஸ்டருக்கு வேணுமாம். கராச்சிக்கும் அதே பட்டியல்தான். மூணு சபைடா சூமர்! ஒருத்தன்கூட என் பேருக்கு நேரா முத்திரை குத்தினதில்ல.

சூமர்: அதனால என்ன குறைஞ்சுபோச்சு? கடல் நம்ம நிலத்தைத் தின்னுதுன்னு இஸ்லாமாபாத்துலயே நீ பேசலியா?

ஹாஜ்ரா: மைக்கை அணைச்சாங்களே, அதைச் சொல்லு.

சூமர்: பல்லா மீன் கூவி வித்த தொண்டைக்கு மைக் எதுக்கு? கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாமே!

ஹாஜ்ரா: கேட்டுச்சு. ‘உக்காருங்கம்மா, உங்களைக் கொண்டுவந்தது யாருன்னு மறந்துடாதீங்க’ன்னு சொந்தக் கட்சிக்காரனே சொன்னான். அது உண்மைதானேடா. உக்காந்துட்டேன்.

சூமர்: இதை... நீ எங்ககிட்ட சொன்னதே இல்லியே.

ஹாஜ்ரா: சொல்ற மாதிரியா இருக்கு?

சூமர்: சரி, கராச்சியில சாதிச்சியே! குடிதண்ணிக் குழாய்...

ஹாஜ்ரா: ஆமா. எத்தனை ஆபீஸ் படி ஏறி வாங்கினேன்! ஊருக்குள்ள வந்ததும் அது எங்க திரும்புச்சு?

சூமர்: ...மாந்தோப்புக்கு.

ஹாஜ்ரா: யார் மாந்தோப்பு?

சூமர்: எனக்குத் தெரியாதா? தினம் அந்த வழியாத்தானே சாயினை ஏத்திட்டுப் போறேன்.

ஹாஜ்ரா: திருப்பினது கவுன்சில் தலைவர். சாயினோட மகன் தில்தார். அதனாலதான் தில்தாரை எதிர்த்து நிக்கறேன். போதுமா?

சூமர்: தோத்துப்போவ!

ஹாஜ்ரா: போறேன்.

சூமர்: ஏரியில வலை போடணும்னா சாயின் தலையாட்டணும். நம்ம ஆளுங்க உன்னைப் பாத்துக் கண்ணீர் விடுவாங்க, ஓட்டு மட்டும் தில்தாருக்குத்தான். ஜெயிச்சுட்டு அவன் மேளத்தோட வந்து உன் வாசல்ல ஆடுவான்.

ஹாஜ்ரா: ஆடட்டும். அந்த வீட்டுல எவனும் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் ஓட்டுக் கேட்டதில்ல. இந்தத் தடவை வெயில்ல நடந்து, மல்லாஹ் குடிசை வாசல்ல குனிஞ்சு கேட்டுட்டு ஜெயிக்கட்டும்.

சூமர்: கட்சி உன்னை நீக்கிடும். கராச்சிப் பதவி போயிடும்.

ஹாஜ்ரா: போயிடுச்சு.

சூமர்: என்னது?

ஹாஜ்ரா: நேத்தே ராஜினாமா கொடுத்துட்டேன்.

சூமர்: யா அல்லா... வீட்டுல யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம! வண்டி?

ஹாஜ்ரா: திருப்பிக் கொடுத்தாச்சு. பஸ்லதான் வந்தேன்.

சூமர்: பயமா இல்லியாக்கா?

ஹாஜ்ரா: இல்லாம? கராச்சியில இருந்து வந்து ஹைதராபாத்துல பஸ் மாறும்போது, அந்த வெயில்லயும் சால்வையை இழுத்துப் போத்திட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த பொம்பளை காய்ச்சலான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

சூமர்: திரும்பிப் போயிடலாமான்னு தோணலியா?

ஹாஜ்ரா: தோணுச்சு. நம்ம பதீன் டவுன் வர்ற வரைக்கும் தோணிட்டுதான் இருந்துச்சு. இறங்கினதும் நேரா போய் வேட்புமனு கொடுத்துட்டேன். வீட்டுக்கு வந்துட்டா புத்தி மாறிடும்னு.

சூமர்: என்னை நினைச்சுப் பாத்தியா? என் வேலை, என் பிள்ளைங்க... வீடு நிக்கிறதே சாயின் நிலத்துல.

ஹாஜ்ரா: நினைச்சேன். அதனாலதான் உன்னைக் கூப்பிடல. சாயின்கிட்ட போய், ‘அவ எனக்கு அக்காவே இல்ல’ன்னு சொல்லிடு. நாலு பேர் முன்னாடி வேணும்னாலும் சொல்லு. மனசுல வெச்சுக்க மாட்டேன்.

சூமர்: அப்ப... விலக மாட்ட?

ஹாஜ்ரா: மாட்டேன்.

சூமர்: சாயினே இங்க வந்து கேட்டா?

ஹாஜ்ரா: உனக்குக் கொடுத்த மாதிரி ஒரு டீ கொடுப்பேன். எத்தனை தடவைடா கேப்ப? கிளம்பு. வண்டியைக் காணோம்னு அங்க கத்திட்டு இருக்கப் போறாரு.

சூமர்: கத்த மாட்டாரு. சாவியைக் காலையிலயே அவர் முன்னாடி வெச்சுட்டு வந்துட்டேன். உன்னை என் அக்கா இல்லன்னு ஆளுங்க முன்னாடி சொல்லச் சொன்னாருக்கா... வாய் வரல. நீ கொஞ்சம் அசைஞ்சிருந்தா திரும்பிப் போய்க் கால்ல விழுந்திருப்பேன், நீ அசையல. அந்த டீயைச் சூடு பண்ணிக் கொடு, ஏரிக்கரைக் குடிசைங்கள்ல இருந்து ஓட்டுக் கேக்க ஆரம்பிப்போம்.