பூஜ்யத்தில் நின்ற முள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, விசாரணைக் குழுவின் தலைவர் அவர்களே, வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கிரீஸ் படிந்த கையோடு வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளே! எல்லோருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் சோதனைப் பிரிவின் சார்பில் சுருக்கமாகப் பேசும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். முள்ளுக்காரரைப் பற்றிச் சுருக்கமாகப் பேச முடியுமா? சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளர் என்று அவருக்கு ஒரு பதவி இருந்தது. நம்மில் யார் அதைச் சொல்லி அழைத்தோம்? வாசல் காவலரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் முள்ளுக்காரர்தான். மீட்டர் முள் எங்கே இருந்தாலும் அவர் கண் அங்கே போய்விடும். காய்கறிக் கடையில் தராசு முள் ஆட்டம் அடங்கும்வரை பையை நீட்டமாட்டார். கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, "சார், முள்ளு நின்னு ரொம்ப நேரமாச்சு, நீங்கதான் இன்னும் நிக்கறீங்க" என்றாராம். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று உறவினர்கள் சிலர் வாசலில் என்னிடம் கேட்டார்கள். அரவைக் கூடத்துக்குப் போகும் கேபிளில் ஓடுகிற கரண்டை எந்த மீட்டரும் நேராகத் தாங்காது, பொசுங்கிவிடும். அதனால் கேபிளைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுகிறோம். கரண்ட் டிரான்ஸ்பார்மர் என்று பெயர், எங்கள் வாயில் சி.டி. அந்த வளையம் கேபிளை வெட்டுவதில்லை. சுற்றி நின்றபடியே உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று உணர்ந்து, மாறாத விகிதத்தில் ஒரு சிறு பங்கை மெல்லிய கம்பி வழியாக மீட்டருக்கு அனுப்புகிறது. அந்தச் சிறு பங்கை அளந்துதான் முழுக் கரண்டையும் தெரிந்துகொள்கிறோம்.

பார்த்தால் சாதுவான பொருள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லைன் ஓடும்போது, அதாவது கேபிளில் கரண்ட் போகும்போது, அந்த மெல்லிய கம்பி கழன்றுவிடக் கூடாது. கழன்றால் வளையத்தில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் ஏறிவிடும். வளையம் சூடேறும், முனகும். மீட்டர் என்ன காட்டும் தெரியுமா? பூஜ்யம் காட்டும். தோழர்களே, ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது முள் ஓய்வாகப் படுத்திருக்கும்!

இதற்காகத்தான் முள்ளுக்காரர் ஒரு வழக்கத்தை வைத்திருந்தார். மீட்டரைக் கழற்றும் முன் சி.டி.யின் இரு முனைகளையும் சேர்த்துப் பிணைக்க வேண்டும். பிணைத்தவர் "ஷார்ட் போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அவர் திருப்புளியைத் தூக்கியதை இந்த அரங்கில் யாராவது பார்த்ததுண்டா? ஒருமுறை பதில் சொல்ல வேண்டியவர் தும்மிவிட்டார். முள்ளுக்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மீட்டரும் சி.டி.யும் இருக்கும் பேனல் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். ஏன் சார் இப்படி என்று கேட்டால், கண் போகிற இடத்துக்குக் கையும் போய்விடும், கட்டி வைத்தால்தான் அடங்கும் என்பார்.

அப்படிப்பட்டவர் எப்படி இறந்தார்? ஓடுகிற லைனில் மீட்டர் கம்பியை அவரே கழற்றினார், சொந்தக் கவனக்குறைவால் இறந்தார் என்று விசாரணைக் குழு முடிவெழுதப் போவதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் நடந்ததைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

அண்மையில் எல்லாப் பேனல்களிலும் பழைய மீட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார்கள். வெளி ஆட்கள் வந்து அவசர அவசரமாகச் செய்துவிட்டுப் போனார்கள். சோதனைப் பிரிவை யாரும் கூப்பிடவில்லை. பிறகுதான் அரவைக் கூடத்துப் பேனல் முனக ஆரம்பித்தது. பேனலுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கேலி பேசினார்கள். முள்ளுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அறை வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். மீட்டரைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அரவை இயந்திரங்கள் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தன.

லைனை உடனே நிறுத்தச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். அங்கே ஆபரேட்டராக இருக்கும் நம் தங்கை அதை மேலே கேட்டார். மேலே இருந்து வந்த பதிலைத் தன் வாயாலேயே அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. "மீட்டர்ல பூஜ்யம்தானே காட்டுது, அப்புறம் எதை நிறுத்தச் சொல்றீங்க?"

பொய் சொல்கிற மீட்டரையே சாட்சிக்கு அழைத்தால் அவர் என்ன செய்வார்? மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். எந்த முனை கழன்றிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொன்னாலாவது நம்புவார்கள் என்று நினைத்தார். பேனல் கதவைத் திறந்தார். வேறொருவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆபரேட்டர் தங்கையும் துணைக்குப் போயிருந்தார். தங்கை காதில் விழுந்த முள்ளுக்காரரின் கடைசி வார்த்தைகள் இவை: "நீ தள்ளி நில்லும்மா. கம்பி கழண்டு கிடக்கு. நான் எதையும் தொடப்போறதில்ல."

தங்கை வாசல்வரை பின்வாங்கினார். வளையம் வெடித்தது.

அந்தத் தங்கை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விசாரணைக் குழு இன்றுவரை அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. வெடிக்கும்போது முள்ளுக்காரரின் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி இருந்ததைப் பார்த்தவர் அவர். மருத்துவமனையில் உடலை அடையாளம் காட்டப் போனவன் நான். முகத்தையும் மார்பையும் பற்றி அண்ணியின் எதிரில் பேசமாட்டேன். கைகளைப் பற்றிப் பேசுவேன். உள்ளங்கைகளில் ஒரு பொறி பட்ட தடம்கூட இல்லை. விரல்கள் அப்போதுதான் கழுவித் துடைத்தவை மாதிரி இருந்தன.

அந்தக் கைகள் என்னை விடவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் முனகினால் எழுந்துபோய் அதன் முன்னால் நிற்கிறேன். "அது ஃபிரிட்ஜுங்க, வந்து சாப்பிடுங்க" என்கிறாள் மனைவி. ஃபிரிட்ஜ்தான், எனக்கும் தெரிகிறது. ஆனாலும் என் கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போகின்றன. பேனல் அறையில் "ஷார்ட் போட்டாச்சு" என்று சொன்னால் சுவர்ப் பக்கமிருந்து அவர் குரலில் பதில் வருவதாக எங்கள் ஆட்கள் இருவர் சத்தியம் செய்கிறார்கள். பேயை நம்புகிறவன் இல்லை நான். ஆனால் தனியாக நிற்கும்போது நானும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். இங்கே ஒளித்து என்ன பயன்? எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அண்ணி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீங்கள் அழவில்லை. என் சட்டையைப் பிடித்து, "அவரு கழட்டினாரா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். இன்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். இல்லை அண்ணி. அவர் கழற்றவில்லை.

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களே, இறந்தவர் பெயரைக் காப்பாற்ற மட்டும் நான் மன்றாடவில்லை. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? தவறு செய்தவர் போய்விட்டார், தவறும் அவரோடு போய்விட்டது என்று கதையை முடித்துவிடலாம். பிறகு மற்ற பேனல்களை யார் திறந்து பார்ப்பார்கள்? எல்லா மீட்டர்களையும் மாட்டியது அதே அவசரக் கைகள் அல்லவா?

இன்று காலை பம்ப் ஹவுஸ் பேனல் முனகியது. பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன, முள் பூஜ்யத்தில் இருந்தது. ஆபரேட்டர் தங்கை மேலே கேட்டார். அதே பதில் வந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை!

அவருக்கு மலர்வளையம் வாங்கி வைத்திருந்த நாங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பேனல் அறைக்குப் போனோம். யார் உத்தரவும் கேட்கவில்லை. லைனை நிறுத்திவிட்டு, நிறுத்தியதை உறுதி செய்துகொண்டு கதவைத் திறந்தோம். சி.டி. கம்பி கழன்று தொங்கியது. முனையைச் சுற்றிக் கறுத்திருந்தது. இந்த வேலையைத்தான் நாங்கள் தொடரப் போகிறோம். இனி பேனல் முனகினால் முதலில் நிறுத்துவோம், அப்புறம் சொல்வோம். தண்டனை உண்டென்றால் சோதனைப் பிரிவு மொத்தமாக வந்து நிற்கும்.

மேலாளர் அவர்களே, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து உங்கள் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டிருக்கிறது. பம்ப் ஹவுஸ் ஏன் நின்றது என்று கேட்பார்கள். தயங்காமல் எடுத்துப் பேசுங்கள். நாங்கள்தான் நிறுத்தினோம் என்று சொல்லுங்கள். அன்று முள்ளுக்காரர் தங்கை மூலம் உங்களிடம் கேட்டதும் லைனை நிறுத்தச் சொல்லித்தான், அவ்வளவுதான்.