மூன்று மணிக்கு டொக்டர் வருவார்

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு எதுவென்றாலும் எங்கள் வீட்டில் என்னிடம்தான் வரும். அயலிலிருந்தும் கொண்டுவருவார்கள். பலர் கேள்வியை முழுதாக வாசிக்காமலே பேனையை வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன். என்ன கேட்கிறார்கள் என்று விளங்கினால்தான் என்ன கொடுக்கவேண்டும் என்று தெரியும். நீங்களும் அவசரப்படாமல் எழுதுகிறீர்கள், சேர். அதனால் நானும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பெயர் நிவேதனா. வயது முப்பத்திரண்டு. வீடு கோப்பாயில். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடமாகத் தாதியாக இருந்தேன். ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போனதில்லை. என்னைப் பற்றி ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. அதை நீங்கள் அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள்.

இங்கே சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது டொக்டர்மாரின் வேலை. நாங்கள் பக்கத்தில் நின்று ஊசியை எடுத்துக் கொடுப்போம். அமெரிக்காவில் தாதிமாரே கொடுக்கலாம். அதற்கென்று பட்டதாரித் தாதிமாருக்கு மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. அதைப் பற்றி வாசித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. ஒருவரை உறங்க வைப்பது, அவருடைய மூச்சைக் கையில் எடுத்துக்கொள்வது, பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது. இதைவிடப் பெரிய பொறுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்டுத் தாதியர் பரீட்சையை சென்னைக்குப் போய் எழுதினேன். முதல் தடவையிலேயே சித்தியடைந்தேன். வெளிநாட்டு அனுபவத்தை ஏற்கும் ஒரு கல்லூரியையும் தேடிப் பிடித்தேன்.

முதல் விண்ணப்பத்துக்கு நேர்முகம் கிடைத்தது. கணினித் திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா மிக மரியாதையாகக் கேட்டார். சாகக் கிடந்த ஒருவர் உங்களுடைய கவனத்தால் பிழைத்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார்.

அப்படி ஒரு சம்பவம் எங்களிடம் நடந்ததேயில்லை. எங்கள் பிரிவில் ஆறு கட்டில்கள். குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று சின்னச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஓர் இரவு படுத்திருந்துவிட்டுச் சாதாரண நோயாளர் விடுதிக்குப் போவார்கள். நிலைமை மோசமானால் அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். ஆபத்து எங்களிடம் வந்து சேருவதேயில்லை. ஒருமுறை சேலைன் போத்தலில் பெயர் மாறி ஒட்டியிருந்ததை நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அவசரநிலை அனுபவம் போதாது, அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது நியாயம். போதாது என்றால் தேடிக்கொள்ளவேண்டியதுதான்.

றொபினைப் பற்றிக் கேட்டீர்கள். குருநகர் ஆள், ஓட்டோ ஓட்டுபவர், இருபத்தேழு வயது. கை முறிந்து தகடு வைத்திருந்தது. மூச்சிழுப்பு இருந்தபடியால் ஓர் இரவு எங்களிடம் வைத்திருந்தார்கள். நான் நன்றாக யோசித்துத்தான் அவரைத் தெரிவு செய்தேன். இளம் வயது, நல்ல இருதயம். சத்திரசிகிச்சையில் இரண்டு வகை மருந்து கொடுப்பார்கள், சேர். ஒன்று உறங்க வைக்கும். மற்றது தசைகளைத் தளர வைக்கும். அது உள்ளே போனால் மூச்செடுக்கிற தசையும் வேலை செய்யாது. நான் இரண்டாவதை மட்டும், கொஞ்சமாகக் கொடுத்தேன். முதலாவதையும் கொடுத்தால் விளைவு நீண்டுவிடும். அது அவருக்குத்தான் ஆபத்து.

மூச்சு நின்றது. மூச்சூட்டும் பையை முகத்தில் வைத்து அமுக்கினேன். ஆட்களைக் கூப்பிட்டேன். மயக்க மருந்து நிபுணர் டொக்டர் கனிசியஸ் ஓடிவந்தபோது றொபின் தானாகவே மூச்செடுக்கத் தொடங்கிவிட்டார்.

"நல்ல வேளை, நீர் பக்கத்திலை நிண்டனீர்," என்றார் டொக்டர்.

பின்னேரம் றொபின் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறிப்போய்க் கிடந்தது.

"மிஸ், எனக்கு எல்லாம் கேட்டது. நீங்கள் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. நெஞ்சிலை ஆரோ ஏறி இருந்த மாதிரி. கையைத் தூக்கப் பாத்தன், ஏலேல்லை. கண்ணைக்கூட அசைக்க ஏலேல்லை."

"மருந்து தெளியேக்கை அப்பிடித்தான் தம்பி, கனவு மாதிரிக் கிடக்கும்," என்றேன்.

அவர் நம்பினார். வீட்டுக்குப் போன அடுத்த கிழமை ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு வந்தார். மழை நாட்களில் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் கோப்பாய் வரை கொண்டுபோய் விடுவார், காசு வாங்கமாட்டார். இப்போது உங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார் என்று அறிகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாவது விண்ணப்பத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டபோதுதான் பிரச்சினை வந்தது. மயக்க மருந்து நிபுணர் ஒருவர் நேரில் கண்டதை எழுதவேண்டும் என்று படிவத்தில் இருந்தது. டொக்டர் கனிசியஸ் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உம்மடை வேலையைப் பற்றி நல்லா எழுதுவன். ஆனா நான் வரேக்கை அவன் மூச்செடுத்துக்கொண்டெல்லோ இருந்தவன். காணாததைக் கண்டனெண்டு எழுதேலாது, பாரும்."

அவர் நேர்மையான மனிதர். இந்த விசாரணையில் அவர்மேல் ஒரு சொல்லும் விழக்கூடாது.

ஆகவே அவர் காணவேண்டும். அவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்கு வருவார். தாழ்வாரத்து முனையில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டால், ஒரு நிமிடத்துக்குள் கதவைத் திறப்பார். விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் அனுப்பவேண்டும்; அதை நான் முதல் கிழமையே எழுதிவிட்டேன். இயந்திரத்தின் மணி அடிக்கும் முன்னரே, வெறும் கண்ணால் ஆபத்தைக் கண்டுபிடித்த ஒரு தாதியைப் பற்றியது. நோயாளியின் வயதையும் திகதியையும் மட்டும் வெற்றிடமாக விட்டிருந்தேன்.

ஐப்பசியில் சோமசேகரம் ஐயா வந்தார். கொடிகாமத்துக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர், அறுபத்துநான்கு வயது. குடலிறக்கச் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்திருந்தது. கதைக்கப் பிரியமானவர். கட்டிலில் கிடந்தபடியே என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உது என்ன கடிதம்?"

"அமெரிக்காவுக்கு, ஐயா. படிக்கப் போறதுக்கு. பல்கலைக்கழகப் பெறுபேறு அனுப்போணும்."

"கொண்டு வாரும் பாப்பம்." உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பிடி அனுப்பினா அங்கை எடுக்கமாட்டினம். ஒட்டின இடத்துக்கு மேலாலை பல்கலைக்கழகச் சீல் விழோணும். பதிவுத் தபாலிலை போடும். துண்டைத் துலைச்சிடாதையும்."

அவர் சொன்னது சரி. அடுத்த நாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சீல் வைப்பித்து, பதிவுத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். ஐயாவிடம் பற்றுச்சீட்டைக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். அன்றுதான் அது நடந்தது.

ஏன் அவர் என்று கேட்டீர்கள். வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு இருதய வருத்தம், மற்றவர் பால் கொடுக்கிற தாய். அவர்களைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஐயாதான் பொருத்தமானவர்.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தாழ்வாரத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சேலைன் குழாயில் அதே இரண்டாவது மருந்தை மட்டும் செலுத்தினேன். மணியின் சத்தத்தை நிறுத்தினேன். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது எல்லோரும் அப்படி நிறுத்துவதுதான். மூச்சூட்டும் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

டொக்டர் வரவில்லை.

கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதற்கூடாகப் பார்த்தேன். ஐயாவின் மகள் பிரசாந்தி, மல்லித்தண்ணிப் போத்தலோடு தாழ்வாரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து டொக்டரை மறித்திருந்தாள். அவர் சிரித்துக்கொண்டு கதைத்தார். தகப்பனை அன்று இரவே விடுதிக்கு மாற்றலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னாராம். அவள் ஏதோ கேட்டாள். சாப்பாட்டைப் பற்றியாக இருக்கும். அவர் விரல் மடித்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான் பையை முகத்தில் வைத்து அமுக்கியிருக்கலாம். அது உண்மை. அப்படிச் செய்திருந்தால் டொக்டர் உள்ளே வரும்போது ஐயா பிழைத்திருப்பார், கடிதத்தில் "கண்டேன்" என்று வராமல் "கேள்விப்பட்டேன்" என்றுதான் வந்திருக்கும். பிறகு இன்னொருவரிடம் போகவேண்டும். இன்னொருவரை வருத்த நான் விரும்பவில்லை, சேர். அதனால் பொறுத்தேன். ஆறு நிமிடம். அவ்வளவு கதைக்க இருக்கும் என்று யார் நினைத்தது.

அவர் கதவைத் திறந்த கணத்தில் கூப்பிட்டேன், பையை அமுக்கத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கினேன். போதும் என்று டொக்டர் என் தோளைத் தொடும் வரை கையை எடுக்கவில்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். உடலை வெட்டவேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார்கள்.

கட்டுரையை மாற்றவேண்டி வந்தது. படிவத்தில் இரண்டாவது தெரிவாக இன்னொரு கேள்வியும் இருந்தது: நீங்கள் இழந்த ஒரு நோயாளியிடமிருந்து என்ன கற்றீர்கள்? ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். டொக்டரும் இந்த முறை தயங்காமல் எழுதித் தந்தார். இப்படி மனம் தளராத ஒரு தாதியை என் கண்ணால் கண்டேன் என்று எழுதியிருந்தார். தையில் அனுமதி கிடைத்தது. அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்.

கட்டுரையின் ஒரு பிரதியைச் சரிபார்ப்பதற்காகக் கல்லூரி டொக்டருக்கு அனுப்பியது. அப்படி அனுப்புவார்கள் என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நானும் வாசித்திருந்தேன். அதில் ஒரு பொய்யும் எழுதவில்லையென்பதால் கவலைப்படவில்லை.

அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடதாசி மேசையில் கிடந்தது. ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தார். மகளுக்கு வெளியே டொக்டர் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்த வேளையில், தகப்பனின் நெஞ்சு உயராமல் நின்றதை நான் கண்டேன். அதுதான் அந்த வரி. நல்ல வரி என்று நினைத்துத்தான் எழுதினேன்.

"நான் பிரசாந்தியோடை கதைச்சுக்கொண்டு நிண்டதை நீர் கண்டனீரோ?"

"ஓம் டொக்டர். கண்ணாடிக்காலை."

"அந்த நேரம் அவரின்ரை மூச்சு நிண்டிட்டுது?"

"ஓம்."

அவர் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப ஏன் பிள்ளை என்னைக் கூப்பிடேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டு நிண்டீங்கள், டொக்டர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்றே அவர் உங்களிடம் வந்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் செய்தது சரி.

கொலை என்று எழுதுவதா என்று சற்றுமுன் கேட்டீர்கள். எழுதுங்கள். மருந்தைக் கொடுத்தது நான். மணியை நிறுத்தியது நான். பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே வைக்கிறேன். ஆனால் கைவிட்டேன் என்று மட்டும் எழுதவேண்டாம்.

ஐயாவின் செத்தவீட்டுக்கும் போனேன். பிரசாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, அப்பா கடைசி நேரம் கஷ்டப்பட்டவரோ?"

"இல்லை. ஒரு அசைவும் இல்லாமல் அமைதியாப் போனவர்," என்றேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறு நிமிடமும் நான் தலைமாட்டில் குனிந்து, அவருடைய முகத்துக்கு நேரே நின்றேன். கதவைப் பார்க்க ஓரிரு தரம் திரும்பியதைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஒரு கையில் பை இருந்தது. மற்றக் கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பயப்பிடாதேங்கோ ஐயா, நான் நிக்கிறன் என்று சொன்னேன். அவருடைய கண் பாதி திறந்திருந்தது. மற்ற நோயாளிகள் கூரையைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், வீட்டாரைத் தேடுவார்கள். அவர் என்னைவிட்டு ஒரு கணமும் பார்வையை எடுக்கவில்லை. ஏழு வருடத்தில் அவ்வளவு நம்பிக்கையோடு வேறொருவரும் என்னைப் பார்த்ததில்லை.