மீன் கக்கின பிறகு

…இல்லைப் பிள்ளை, நான் ஆரைக் குற்றம் சொல்லுறது? விடியப் புத்தகத்தைத் திறந்தாப் பால் பொங்குது. பாலை இறக்கி வைச்சிட்டு வந்தா எங்கட மனுசன், “இராசமணி, என்ர மற்றச் சொக்ஸ் எங்க?” ஒண்டு காலில கிடக்கு, மற்றதைக் கர்த்தர்தான் வந்து தேடித் தரவேணும்! பேந்து என்னத்தை வாசிக்கிறது?

இந்தாரும், வேதப்புத்தகத்தைப் பிடியும். யோனா, நாலாம் அதிகாரம், அடையாளத்துக்கு நூல் வைச்சிருக்கிறன். சத்தமா வாசியும், என்ன? பஸ்ஸுக்க எழுத்தைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும். சைவப் பிள்ளை வாசிச்சாப் பாவமில்லை. ரீச்சர் எல்லோ, வடிவா வாசிப்பீர். எங்கட மேல்வீட்டுக்கு நீர் குடிவந்தது நல்லதாப் போச்சு, தனுஷியா. பேராதனையில இந்த நேரம் பஸ் நிண்டா நிண்டதுதான், கண்டி போய்ச் சேர முதல் முடிச்சிடலாம். ம், தொடங்கும்.

ஆ, ஒரு நிமிசம். ஏன் இந்த அவசரமெண்டு சொல்லேல்லை என்ன? என்ர மகள் ஜெனிற்றா ரொறன்ரோவில. இரவு வேலை முடிஞ்சு அறைக்கு வந்து கோல் எடுக்கேக்க எங்களுக்குப் பின்னேரம். தனிய இருக்கிறாள், பிள்ளை. போன புதுசில “சாப்பிட்டியோ, குளிரோ” எண்டு கேப்பன், “ஓம், ஓம்” எண்டுவாள், அவ்வளவுதான் கதை. பிறகு அவளேதான் சொன்னாள், “அம்மா, ஒவ்வொரு நாளும் ஒரு அதிகாரம் நீங்களும் வாசியுங்கோ, நானும் வாசிக்கிறன், அதைப் பற்றிக் கதைப்பம்” எண்டு. எனக்கு அழுகையே வந்திட்டுது. அவ்வளவு சந்தோசம்!

இப்ப என்னெண்டா, அவள் கேக்கிறாள், நான் முழுசுறன். என்ன கேட்டாலும் “எல்லாம் கர்த்தற்ர சித்தம்” எண்டு சமாளிக்கிறன். நேற்றுக் கேட்டுப்போட்டாள், “அம்மா, உண்மையா வாசிச்சனீங்களோ?” எண்டு. குரல் ஒரு மாதிரி. இண்டைக்கும் வாசியாமப் போனா, அம்மாவுக்கு அக்கறையில்லை எண்டு கதைக்கிறதையே விட்டிடுவாளோ எண்டு பயமாக்கிடக்கு.

யோனாவை எனக்குத் தெரியாதோ? ஞாயிறு பாடசாலை நாடகத்தில நான் மீன்ர வாலா நடிச்சனான்! மீன் விழுங்கினது, மீன் கக்கினது, அதோட கதை சரி எண்டெல்லோ இருந்தனான். பாத்தா அதுக்குப் பிறகும் ரெண்டு அதிகாரம்! ஆர் கண்டது?

இண்டைக்கு வெள்ளன விறாந்தையில கதிரையைப் போட்டுக் குந்தினன். குரங்குக் கூட்டம் வந்து வாழைக்குலையைப் பிடிச்சு இழுக்குது. கலைச்சிட்டு நிமிர்ந்தா மதிலுக்கு அங்கால பக்கத்து வீட்டு பஸ்லினா. “குரங்கோ?” எண்டா. கேட்டா மறுமொழி சொல்லவேணுமெல்லோ? ஒரு சொல்லுத்தான் கதைச்சனான், பள்ளிவாசலில மத்தியான லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுது! சரியான வாய்க்காறி அந்த மனுசி.

என்ன, பக்கம் திருப்புறீர்? நான் சொல்லுறது கேக்குதோ? ஓம், கெட்டம்பே வந்திட்டுது. நான் பிலிமத்தலாவைக்குப் போனதே இதுக்காகத்தான். வாசிக்க வெளிச்சம் காணாதெண்டு ஒரு மேசை லைற் வாங்கப் போனனான். கடைக்கார முனாப் தன்ர மகளின்ர கலியாணக் கதையைத் தொடங்கினார்… நானும் ஜெனிற்றான்ர கதையைச் சொன்னன்… ஐயோ, லைற்றை வாங்கேல்லையே நான்!

கடவுளே, போன் அடிக்குது! அவள்தான்! கெதியாத் தொடங்கும் பிள்ளை! ஏன் மூடுறீர்? முடிச்சிட்டீரோ? எப்ப? சத்தமா எல்லோ வாசிக்கச் சொன்னனான்! என்ன… நான் விட்டாத்தானே எண்டோ?

சரி சரி, சிரியாதேயும். ஹலோ, ஜெனி… இல்லையம்மா. வாசிக்கேல்லை. இண்டைக்கும் இல்லை, நேற்றும் இல்லை. பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை. பொறு, வைச்சிடாதை! பக்கத்தில மேல்வீட்டுத் தனுஷியா வாசிச்சு முடிச்சிட்டு இருக்கிறா. அவ சொல்லட்டும், நாங்கள் ரெண்டு பேரும் கேப்பம். ஸ்பீக்கரில போடுறன். சொல்லும், தனுஷியா.

ம்… யோனா பட்டணத்துக்கு வெளியில போய்க் குந்தினவரோ… ம்… நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போச்செண்டு கோவமோ? ஒரு செடிக்கோ! அதுக்கு இவ்வளவு புறுபுறுப்போ அந்த மனுசனுக்கு? ஜெனி, கேட்டியோ? ஏன் சிரிக்கிறாய்? பிள்ளை, நீரும் ஏன் சிரிக்கிறீர்?

சரி, இனி நான் வாய் திறக்கமாட்டன். சொல்லும். பிறகு?