தெரியாக்கல்

முன்னொரு காலத்துல, கண்மாய்க்கரையில ரெட்டைப்பனை நின்ன காலத்துல, ஆவரங்குளத்துல மூக்கையான்னு ஒரு வாத்தியார் இருந்தாராம். மருதமரத்தடியில பிள்ளைகளை உக்கார வச்சு மணல்ல எண்ணு எழுதப் போடுவாராம். அதை வச்சு என்ன செய்யுறதுன்னு பிள்ளைகளும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

ஒரு வருசம் மழை பொய்ச்சுப்போச்சாம். கதிர் பால் பிடிக்கிற நேரம். அறுப்புக்கு இன்னும் முப்பது நாள் கிடக்கு. ஊர்த் தலைவரு அம்பலம் வந்து கேட்டாராம்:

"ஏங்க வாத்தியாரே, நாலெழுத்துப் படிச்சவுக நீங்க. கண்மாய்த் தண்ணி அறுப்பு வரைக்கும் தாங்குமா?"

மூக்கையாவுக்குத் தலை சுத்திருச்சு. தாங்கும்னு சொல்லி வத்திட்டா ஊரே பட்டினி. தாங்காதுன்னு சொன்னா இப்பவே ஆளுக்காளு மடையை உடைச்சுக்குவாங்க. என்னத்தைச் சொல்ல? மறுநாள் மரத்தடியில உக்காந்தாரு. அம்பலம் கேட்டதைப் பிள்ளைககிட்டயே சொன்னாரு.

"எனக்குத் தெரியல பிள்ளைகளா"ன்னுட்டாராம்.

எருமை மேய்க்கிறவர் மக வெள்ளச்சி எந்திரிச்சா. "தெரியலேன்னா போய்ப் பாக்க வேண்டியதுதானய்யா? இங்க மணலைக் கிளறுனா தண்ணி வந்து சொல்லுமா?"

போனாங்க. கண்மாய்க்குள்ள ஒரு கம்பை ஊணி, தண்ணி நிக்கிற மட்டத்துல கோடு கீறுனாங்க. மறுநாள் பாத்தா, தண்ணி கோட்டுக்கு மேல நாலு விரல் நிக்குது! அதுக்கு மறுநாள் இன்னும் ரெண்டு விரல்.

மழையில்ல, ஓடையில தண்ணி இல்ல. எப்படி ஏறும்? வாத்தியாருக்குப் புரியல. ஊருக்கு உடனே புரிஞ்சிருச்சு. "அய்யனாரு குடுக்குறாருப்பா!"ன்னு குலவை போட்டு, மூடிக்கிடந்த ரெண்டாவது மடையையும் தொறக்கக் கிளம்பிட்டாங்களாம்.

மூக்கையா கோட்டைப் பாக்குறாரு. வானத்தைப் பாக்குறாரு. திரும்பக் கோட்டைப் பாக்குறாரு. வெள்ளச்சி இடுப்புத் தண்ணியில இறங்கிக் கம்பைத் தொட்டா. கம்பெல்லாம் எருமை மயிரு.

"அய்யா, இது எங்க எருமைக புரள்ற சேறு! உரசி உரசிக் கம்பைக் கீழ இறக்கிருச்சுக. தண்ணி ஏறல, கம்புதான் இறங்கிருக்கு!"

வாத்தியார் ஓடிப்போய் மடைக்குக் குறுக்க படுத்துக்கிட்டாராம். "மூணு நாள் பொறுங்க. எனக்கு இன்னும் தெரியல. பிள்ளைக பாத்துச் சொல்லட்டும்."

"என்ன, உங்களுக்குப் பிள்ளைக பாடம் எடுக்குதுகளா?"ன்னு அம்பலம் சிரிச்சாராம்.

"ஆமாய்யா. எடுக்குதுக."

இந்தத் தடவை கண்மாய்க்குள்ள கிடந்த பாறாங்கல்லுல கோடு. கல்லு அசையாதுல்ல? எப்பவும்போல ஒரு மடை மட்டும் தொறந்திருக்க, ஒரு நாளைக்கு ஒரு விரல் இறங்குச்சு. மடை வாசல் வரைக்கும் பதினெட்டு விரல்தான் இருந்துச்சு, அதுக்குக் கீழ போனா தண்ணி வெளிய பாயாது. பிள்ளைக மணல்ல போட்டுப் பாத்துச்சுக. பதினெட்டு நாள். அறுப்புக்கு இன்னும் வேணும்ங்கிறது இருபத்துநாலு.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொறந்தா?"

கேட்டது எந்தப் பிள்ளைன்னு இன்னைக்கும் வீட்டுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க. எது நெசமோ, யாருக்குத் தெரியும்? அப்படியே தொறந்தாங்க. கதிர் முத்தி அறுப்புக்கு வந்துச்சாம்.

அதனாலதான் ஆவரங்குளத்துல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்குற அன்னைக்கு, முதல்ல அந்தக் கல்லுகிட்டக் கூட்டிட்டுப் போறோம். எம்புட்டுப் படிச்ச வாத்தியாரா இருந்தாலும் அங்க நின்னு, "எனக்குத் தெரியல"ன்னு சொல்லணும். பிள்ளை "வாங்க, போய்ப் பாப்போம்"னு சொல்லி, கல்லுல ஒரு கோடு கீறணும். அதுக்கப்புறந்தான் அந்தப் பிள்ளை பேரைப் பதிவுல எழுதுவாங்க.

கல்லுக்குப் பேரு தெரியாக்கல்.